கரணம் தந்த கௌரவம்

‘கரணம் தப்பினால் மரணம்’ என்பது நம் பழமொழி. அதன் பொருளை 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் பந்தயத்தில் உலகம் கண்கூடாகக் கண்டது. அகர்தலாவைச் சேர்ந்த குமாரி தீபா கர்மாகர் விரைந்தோடி வந்து, தாண்டுமேடையில் இரு கைகளையும் ஊன்றி உந்தியெழுந்து, அந்தரத்தில் இருமுறை முன்கரணமிட்டு இறங்கினார். ‘புரோதுனோவா’ எனும் இத்தாண்டலுக்குத் துணிந்த பெண்கள் உலகிலேயே மிகச் சிலர். இதன் சூட்சுமம் கைபலத்தில் மட்டுமன்று. முழங்கை மடங்காமல், தோளினால் கணத்தில் உந்துவதில் இருக்கிறது. 0.150 புள்ளியில் வெண்கலம் நழுவ, அவர் நான்காமிடம் பெற்றார். ஆயினும் அதற்குமுன் எந்த இந்தியரும் அவ்வரங்கில் அத்துணை உயர்ந்ததில்லை.

தெருவில் கரணமிடும் கழைக்கூத்தாடிச் சிறுமிக்குக் காசு எறிந்துவிட்டு நகர்கிறோம். வெள்ளக்கடை போன்ற மலையூர்களிலும் குழந்தைகள் புல்தரையில் குட்டிக்கரணம் அடிக்கிறார்கள். துணிவுக்கு நம்மிடம் குறைவில்லை. விரிக்க மெத்தையும் கற்பிக்க ஆசானுமே வேண்டும்.