எஞ்சினைக் காக்கும் எண்ணெய்ப் படலம்

மாட்டு வண்டியின் அச்சுக்கு மசகு போடாமல் பாரம் ஏற்றிச் செல்ல எந்த வண்டிக்காரரும் துணியமாட்டார். அச்சும் குடமும் நேருக்கு நேர் உராய்ந்தால் இரண்டும் கெடும் என்பதை அவர் நன்கு அறிவார். இன்று நம் அங்கத்தினர்களுள் பலர் டீசல் பம்பு செட்டும், பவர் டில்லரும், டிராக்டரும் பயன்படுத்துகின்றனர். விசைத்தறிக் கூடங்களில் மின்சாரம் நின்றபோது உதவ ஜெனரேட்டர் இருக்கிறது. இவற்றின் எஞ்சின்களுக்கு எண்ணெய் இன்றியமையாதது என்பதை யாவரும் அறிவோம். ஆயினும், பார்வைக்கு வழவழப்பாகவே இருக்கும் எண்ணெயை ஏன் மாற்ற வேண்டும் என்ற வினாவுக்கு விடை தெரிந்தோர் சிலரே. அதனைத் தெரிந்துகொண்டால், எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்க்கும் பெருஞ்செலவைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம்.

எண்ணெயின் மேல் மிதக்கும் தண்டு

இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்னும் பொறியியலறிஞர் ரயில் வண்டி அச்சுக்குரிய பேரிங்குகளைச் சோதித்து, முடிவுகளை 1883இல் வெளியிட்டார். எண்ணெய் விடுவதற்காக அவர் பேரிங்கின் மேற்புறத்தில் ஒரு துளையிட்டார். தண்டு சுழன்றபோது எண்ணெய் உள்ளே இறங்கவில்லை. துளை வழியே மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், மர முளையால் அடைத்தார், இரண்டையும் எண்ணெய் பிதுக்கித் தள்ளிவிட்டது. இதன் காரணத்தை ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்னும் பேராசிரியர் 1886இல் கணித முறையில் விளக்கினார். சுழலும் தண்டு எண்ணெயைக் குறுகிய சந்துக்குள் இழுத்துச் செல்கிறது. அங்கு எழும் அழுத்தம் தண்டையே தூக்கி நிறுத்துகிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை.

எண்ணெய் விலகும் இடங்கள்

ஆனால் எஞ்சினின் எல்லா இடங்களிலும், எல்லா வேளைகளிலும் இந்நிலை வாய்ப்பதில்லை. எஞ்சினைக் கிளப்பும் கணத்தில் தண்டின் வேகம் போதாது; எண்ணெய் தாங்கி நிற்காது. பிஸ்டன் மேலும் கீழும் சென்று திரும்பும் முனைகளில் அதன் வேகம் ஒரு கணம் அற்றுப்போகிறது. வால்வைத் திறக்கும் கேமும் அதன்மேல் அமரும் டாப்பெட்டும் சந்திக்கும் இடமோ மிகச் சிறிது. அங்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பல டன் வீதம் அழுத்தம் ஏற்படுகிறது. அங்கே எண்ணெய் பிதுங்கி விலகிவிடும்.

கண்ணாடி போல் மெருகேற்றிய எஃகும் நுண்நோக்கியில் மேடும் பள்ளமுமாகவே தோன்றும். எண்ணெய் விலகியதும் ஒரு பரப்பின் மேடுகள் மற்றதன் மேடுகளோடு மோதுகின்றன, சூட்டில் ஒட்டிக்கொள்கின்றன, பிய்ந்து வருகின்றன. இதுவே தேய்மானத்தின் தொடக்கம்.

கஞ்சியிட்ட பாவு போல

இந்த இடங்களைக் காப்பதற்காகவே எண்ணெயில் சில இரசாயனப் பொருள்கள் கலக்கப்படுகின்றன. அவற்றுள் தலையாயது ஸிங்க் டைஆல்கைல் டைதயோபாஸ்பேட் என்பது. துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் ஆகியவை சேர்ந்த இப்பொருள் எண்ணெயில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவிலேயே இருக்கும். 1940களில், எண்ணெய் கெடாமலும் பேரிங் உலோகம் அரிக்கப்படாமலும் இருக்கவே இது பயன்பட்டது. தேய்மானத்தையும் இது தடுக்கும் என்பது பின்னர் தெரியவந்தது. இன்றும் இதற்கு நிகரான மாற்றுப் பொருள் எளிதில் கிடைக்கவில்லை.

இது செயற்படும் விதத்தை நெசவாளர் எளிதில் உணர்வர். பாவு நூலுக்குக் கஞ்சியிடுகிறோம். விழுதிலும் பண்ணையிலும் ஏற்படும் உராய்வைக் கஞ்சிப் பூச்சு ஏற்றுக்கொள்கிறது, நூல் பிழைக்கிறது. அதுபோலவே, உலோகங்கள் அழுந்தி உராயும் இடத்தில் இப்பொருள் சிதைந்து, கண்ணாடித் தன்மையுள்ள பாஸ்பேட் படலமாக எஃகின்மேல் படிகிறது. அதன் பருமன் தலைமயிரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கே. உராய்வில் தேய்வது இப்படலம்; அடியிலுள்ள எஃகு அன்று. தேய்ந்த இடத்தில் எண்ணெயிலுள்ள சரக்கிலிருந்து புதுப் படலம் உருவாகும்.

2015இல் அமெரிக்காவின் பென்ஸில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மிக நுண்ணிய முனையொன்றால் இத்தகைய எண்ணெயில் மூழ்கிய பரப்பைத் தேய்த்து, படலம் வளர்வதை நேரே அளந்தனர். அழுத்தமும் வெப்பமும் கூடக் கூட அது விரைவாக வளர்ந்தது. சுமை மிகுந்த இடத்திற்கே காப்பும் விரைந்து சேர்கிறது என்பது இதனால் விளங்கும்.

காப்புப் பொருள் தீர்ந்துபோகும்

இங்குதான் நம் வினாவுக்கு விடை இருக்கிறது. படலம் புதுப்பிக்கப்படும்தோறும் எண்ணெயிலுள்ள சரக்கு குறைகிறது. சூடும், காற்றும், எண்ணெயில் கலந்த நீரும் அதனை மேலும் சிதைக்கின்றன. ஆகவே பழைய எண்ணெய் கைக்கு வழவழப்பாக இருக்கலாம். ஆனால் கேமையும் டாப்பெட்டையும் காக்கும் ஆற்றலை இழந்திருக்கலாம். அளவு குறைந்தபோது மேலே ஊற்றிக்கொண்டே போவது எண்ணெய் மாற்றியதாகாது.

புழுதிக்கு இக்காப்பும் ஈடு கொடுக்காது. மணல் துகள் படலத்தையும் கீறும், எஃகையும் கீறும். உழவுக் காலத்தில் காற்று வடிகட்டியைச் சுத்தமாக வைத்திருப்பது நல்ல எண்ணெய் ஊற்றுவதற்குச் சமமான கடமையாகும்.

வாங்குவோர் கவனத்திற்கு

எண்ணெய் டப்பாவில் காணும் 15டபிள்யூ-40 போன்ற எண்கள் எண்ணெயின் கனத்தை மட்டுமே காட்டும். ஏ.பி.ஐ. என்பதை அடுத்து வரும் எழுத்துகளே கலந்துள்ள காப்புப் பொருள்களின் தரத்தைத் தெரிவிக்கும். எஸ் என்று தொடங்குவது பெட்ரோல் எஞ்சினுக்கு. சி என்று தொடங்குவது டீசல் எஞ்சினுக்கு. எஞ்சினோடு தந்த புத்தகத்தில் குறித்த இரண்டையும் பார்த்து வாங்க வேண்டும். கனமான எண்ணெய் என்பதாலேயே அது நல்ல எண்ணெய் ஆகிவிடாது.

காப்புப் பொருளைத் தனியே வாங்கி மிகுதியாகச் சேர்ப்பதும் தவறு. அளவு மிஞ்சினால் உலோகத்தை அரிக்கக்கூடும். புதிய வாகனங்களில் புகையைச் சுத்திகரிக்கும் கருவியைப் பாஸ்பரஸ் கெடுக்கும். அதனால்தான் அமெரிக்க, ஜப்பானியக் கார் உற்பத்தியாளர்கள் 2004இல் கொண்டுவந்த தரவிதி, பெட்ரோல் கார் எண்ணெயில் பாஸ்பரஸை நூற்றுக்கு 0.08 பங்குக்கு மேற்படாமலும், தேய்மானத்தைத் தடுக்க 0.06 பங்குக்குக் குறையாமலும் வரையறுத்தது. வடித்தெடுத்த பழைய எண்ணெயைத் தறிக்கு இடலாகாது. அதன் கறை துணியில் ஏறினால் போகாது. வாய்க்காலில் கொட்டினால் நீரும் நிலமும் கெடும்.

ஒருவரே ஓட்டும் எஞ்சினில் எண்ணெய் எத்தனை மணி ஓடியது என்பது அவர் நினைவிலேனும் இருக்கும். பலர் கைமாறும் பொது டிராக்டருக்கும் பம்பு செட்டுக்கும் அந்த நினைவு எவரிடமும் இராது. ஆதலால், இயந்திரத்தைப் பொதுவில் வைத்திருப்போர் அதனருகே ஒரு சிறு குறிப்பேட்டைத் தொங்கவிட்டு, எண்ணெய் மாற்றிய நாளையும், ஒவ்வொருவரும் ஓட்டிய மணியையும் தவறாது எழுதிவருவார்களாக. அதற்கு ஆகும் செலவு ஒரு பென்சில் விலையே.