காலி வண்டியும் கரியமில வாயுவும்

சந்தை நாளன்று விடியற்காலையில் நம் கிராமச் சாலைகளில் காய்கறி ஏற்றிய சிறு சரக்கு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதைக் காண்கிறோம். அவற்றுள் பல, அரைப் பாரமே ஏற்றியவை. திரும்புங்கால் பெரும்பாலானவை வெறுமையாகவே வருகின்றன. இதனால் விவசாயியின் மடிக்கு நேரும் நட்டம் யாவரும் அறிந்ததே. வேறொரு நட்டமும் உண்டு.

ஒரு லிட்டர் டீசலின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. ஆயினும் அது எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. எண்ணெயைவிடப் புகை எவ்வாறு கனக்கும் என ஐயுறலாம். டீசலிலுள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடுகிறது. 12 பங்கு கரி 32 பங்கு பிராணவாயுவைச் சேர்த்துக்கொண்டு 44 பங்காகிறது. இவ்வாயு பூமியின் வெப்பத்தை வெளியேற விடாமல் பிடித்து வைக்கிறது. ஒரே நாளில் கொட்டும் பெருமழை மிகுவதற்கும் இவ்வெப்பம் ஒரு காரணமென வானிலை அறிஞர் கூறுவர்.

30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சந்தைக்குப் போய்வர, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 4 லிட்டர் வேண்டும். அறுவர் ஆறு வண்டிகளில் அரைப் பாரம் கொண்டு சென்றால் 24 லிட்டர். அதே சரக்கு மூன்று வண்டிகளில் சென்றால், முழுப் பாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவானாலும், 10 லிட்டரளவு மீதமாகும். 27 கிலோ வாயுவும் குறையும். கட்டை வண்டிக்குத் திரும்புமாறு நாம் யாரையும் கேட்கவில்லை.

விவசாயிகள் இக்கணக்கை அறியாதவர்களல்லர். பின் ஏன் சேர்ந்து செல்வதில்லை? "அவர் சரக்கோடு என் சரக்குக் கலந்தால் என் விலை விழுந்துவிடும்" என்பதே கூட்டங்களில் நாம் கேட்ட விடை. இவ்வச்சம் நியாயமானது. உபதேசத்தால் இது தீராது. ஒவ்வொருவர் பெட்டிக்கும் தனித்தனி வர்ண அடையாளமிட வேண்டும். புறப்படும் இடத்திலேயே யாவர் முன்னிலையிலும் எடை போட்டுச் சீட்டுக் கொடுக்க வேண்டும். வாடகையை எடைக்குத் தக்கவாறு பிரிக்க வேண்டும். சரக்குடன் செல்வோரை முறை வைத்து அனுப்பினால் மற்றவர்க்கு ஒரு நாள் வேலை மிஞ்சும். திரும்பும் வண்டியில் உரமும் பிண்ணாக்கும் ஏற்றி வரலாம். டயரில் காற்றுக் குறைந்தாலும் டீசல் வீணாகும் என்பதை ஓட்டுநருக்கு நினைவூட்டுதல் நன்று.

நம் ஜீப்பும் இக்குற்றத்துக்கு விலக்கன்று. ஒரே திசையிலுள்ள இரு கிராமங்களுக்கு ஒரே வாரத்தில் தனித்தனியே சென்று வந்ததுண்டு. இப்போது பயணத்தை முன்கூட்டியே குறித்து வைக்கிறோம்.

தராசை எங்கே வைப்பது, சீட்டு எழுதுவது யார் என்னும் இரண்டையும் அடுத்த கிராம சபையில் முடிவு செய்துவிட்டால், அதற்கடுத்த சந்தைக்கே வண்டிகள் சேர்ந்து புறப்படலாம்.