சாப்பிட்டவருக்கும் வழக்குண்டு

உலருணவுப் பொதியோடு வந்ததோ, கடையில் கடனுக்கு எடுத்ததோ, பொதி செய்த உணவைச் சாப்பிட்டுப் பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? உறையைக் குப்பையில் எறிந்துவிட்டு, “எங்கட தலைவிதி” என்கிறோம். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பகுதிகளில் நான் பேசிய பெண்கள் பலர் கேட்டது இதுதான்: “காசு குடுத்து நாங்கள் வாங்கேல்லையே, ஆரிட்டப் போய்க் கேக்கிறது?”

இந்தக் கேள்விக்கு விடை தந்தவர் ஓர் ஏழைப் பெண். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த மே டொனொகு, கணவரைப் பிரிந்து வாழ்ந்த கடைச் சிப்பந்தி. 1928 ஓகஸ்ட் 26இல் பெய்ஸ்லி நகரத்துச் சிற்றுண்டிச்சாலை ஒன்றில் தோழி அவருக்கு இஞ்சிச் சோடா வாங்கிக் கொடுத்தார். கறுத்தப் போத்தல், உள்ளே இருப்பது தெரியாது. கொஞ்சம் குடித்தபின் மிச்சத்தை ஊற்றியபோது அழுகிய நத்தை விழுந்தது என்றும், அதனால் வயிற்று நோய் கண்டது என்றும் அவர் முறையிட்டார்.

காசு கொடுத்தவர் தோழி. ஆகவே கடைக்காரரிடம் டொனொகுவால் கேட்க முடியவில்லை. அவருடைய சட்டத்தரணி சோடா தயாரித்தவர் மீதே வழக்கு வைத்தார். போத்தலில் எலி கிடந்த இன்னொரு வழக்கில் அவர் தோற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. வழக்கு இலண்டனில் பிரபுக்கள் சபை வரை போனது. தன் உடைமை எல்லாம் சேர்ந்தாலும் ஐந்து பவுண் பெறாது என்று சத்தியம் செய்து, ஏழை வழக்காளியாக டொனொகு அனுமதி பெற்றார். 1932 மே 26இல் ஐந்து நீதிபதிகளில் மூவர் அவர் பக்கம் தீர்ப்பளித்தனர். உணவைத் தயாரிப்பவர், அதை வாங்கியவருக்கு மட்டுமன்றி உண்பவருக்கும் பொறுப்பாளி என்பதே அத்தீர்ப்பு. பின்னர் வழக்கு சமரசமாக முடிந்தது.

நம் நாட்டிலும் வழிகள் உண்டு.

முதலில் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். சிகிச்சைத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். மிஞ்சிய உணவு, உறை, பற்றுச்சீட்டு எதையும் எறிய வேண்டாம். தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் உறையில்தான் இருக்கும்.

அடுத்து, பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், மனிதர் உண்ணத் தகாத உணவை விற்பதைத் தடை செய்கிறது. பரிசோதகர் மாதிரி எடுத்து, நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். ஆனால் அங்கு விதிக்கப்படும் தண்டப்பணம் நோயாளிக்கு வராது.

நட்டஈடு வேண்டுமானால், வாங்கிய மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1977. அல்லது இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைக்கலாம். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

போரில் எத்தனையோ இழப்புகளுக்குக் கணக்குக் கேட்க ஆளில்லாமல் நின்றோம். பிள்ளையின் வாயில் வைக்கும் உணவுக்காவது கணக்குக் கேட்போம். அதற்கு முதற்படி, அந்த உறையை எறியாமல் வைத்திருப்பதுதான்.