குழூஉக்குறியும் பட்டப்பெயரும்: அமெரிக்கப் பள்ளித் திரைப்படங்கள் ஏன் நிலைத்து நிற்கின்றன?

திரைப்படங்களுள் பெரும்பாலானவை தாம் வெளிவந்த காலத்தோடு மறைந்துவிடுகின்றன. மிகச் சிலவே தலைமுறை கடந்தும் பார்க்கப்படுகின்றன. அமெரிக்க உயர்நிலைப்பள்ளியைக் களமாகக் கொண்டு 1980களிலிருந்து வெளிவந்த பதின்ம வயதினர் படங்களுள் சில இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தவை. அவற்றில் வரும் உடைகள் பழமையாகிவிட்டன. கைப்பேசிகள் செங்கல்லைப் போலப் பருத்திருக்கின்றன. பாடல்களோ இன்றைய மாணவரின் பெற்றோர் காலத்தவை. ஆயினும், அப்படங்கள் வெளிவந்தபோது பிறந்தே இராத மாணவர்கள் அவற்றை விரும்பிப் பார்க்கின்றனர். 1985இல் வெளிவந்த ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’ என்னும் படத்தை, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2016இல் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. 2004இல் வெளிவந்த ‘மீன் கேர்ள்ஸ்’ 2018இல் பிராட்வே அரங்கில் இசை நாடகமாகி, 2024இல் மீண்டும் திரைப்படமாயிற்று.

இவ்வீர்ப்புக்குக் காரணம் என்ன? காதல், நகைச்சுவை, இளமைக்கால ஏக்கம் ஆகியவை வழக்கமாகக் கூறப்படும் விடைகள். அவை தவறல்ல. ஆனால் மறக்கப்பட்ட படங்களிலும் அவை நிறையவே இருந்தன. மொழியைப் பயின்றவர் என்னும் முறையில் நமக்கு வேறொரு விடை தோன்றுகிறது. பதினாறு வயதில் ஒருவர் எந்தச் சொல்லால் அழைக்கப்படுகிறார், எந்தச் சொல்லைப் பேசி ஒரு குழுவுக்குள் நுழைகிறார் என்பதையே நிலைத்த படங்கள் தம் உயிராகக் கொண்டுள்ளன. அதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

நன்னூல் தரும் கலைச்சொல்

ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் விளங்குமாறு வழங்கும் சொல்லைத் தமிழ் இலக்கணம் குழூஉக்குறி என்கிறது. நன்னூல் இதனை இடக்கரடக்கல், மங்கலம் ஆகியவற்றோடு தகுதி வழக்கினுள் வைத்துப் பேசுகிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் நம் பள்ளிப் பாடநூல்களிலேயே இடம்பெறும் எடுத்துக்காட்டுகள்.

பொற்கொல்லர் தம் குறியைப் பயன்படுத்துவதற்குத் தொழில் ஒரு காரணம். எதிரே நிற்பவர்க்குப் பொருள் விளங்காமல் இருக்க வேண்டும் என்பது அதன் பயன். பள்ளி மாணவரின் குழூஉக்குறிக்கும் இப்பயன் உண்டு. ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் அது விளங்கக் கூடாது. எனினும் அதற்கு மேலும் ஒரு பயன் இருக்கிறது. யார் நம்மவர், யார் அயலார் என்று பிரித்துக் காட்டுவதற்கு அது உதவுகிறது. ஒரு சொல்லைத் தெரியாதிருப்பதும், காலம் கடந்து சொல்வதும், பிழைபடச் சொல்வதும் அயலாரின் அடையாளங்கள். சொல்லின் அகராதிப் பொருளைவிட, அதைச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்பதே அங்கு முதன்மை பெறுகிறது.

வாடும் சொல்லும் வாடாத படமும்

குழூஉக்குறியைக் கையாளும் எழுத்தாளருக்கு ஓர் இடர் உண்டு. இளையோர் வழக்குச் சொல் விரைவில் வாடிவிடும். இன்று மாணவர் பேசும் சொல்லை அப்படியே எழுதினால், படம் திரைக்கு வருமுன்பே அது பழஞ்சொல்லாகிவிடக்கூடும். இவ்விடரை மூன்று படங்கள் மூன்று வழிகளில் கடந்தன.

1989இல் திரைக்கு வந்த ‘ஹெதர்ஸ்’ ஓர் இருண்ட நகைச்சுவைப் படம். அதன் கதையாசிரியர் டேனியல் வாட்டர்ஸ், உண்மையான மாணவர் வழக்கு காலத்தால் பழுதாகிவிடும் என்று கருதித் தாமே புதிய வழக்கொன்றைப் படைத்தார். எக்காலத்தும் எவரும் பேசாத மொழியாகையால், அது எக்காலத்திலும் பழமையாவதில்லை. பார்ப்பவர் எவராயினும் அக்குழுவுக்கு வெளியே நின்றே அதனைக் கேட்கிறார்; புதிதாகப் பள்ளியில் சேர்ந்த மாணவரின் நிலை அவருக்கும் நேர்கிறது.

1995இல் வெளிவந்த ‘கிளூலெஸ்’ படத்தின் இயக்குநர் ஏமி ஹெக்கர்லிங், பெவர்லி ஹில்ஸ் உயர்நிலைப்பள்ளியின் வகுப்புகளில் அமர்ந்து மாணவரைக் கவனித்தார். கதைக்கு அவர் அடிப்படையாகக் கொண்டது, ஜேன் ஆஸ்டின் 1815இல் வெளியிட்ட ‘எம்மா’ என்னும் புதினம். நாயகி ஷேர், வேற்றிடத்திலிருந்து வந்த டாய் என்னும் மாணவியைத் தன் தோழியாக ஏற்றுச் ‘சீர்திருத்த’ முனைகிறாள். உடையும் ஒப்பனையும் மட்டும் போதவில்லை. ஒலிப்பையும் சொல்வளத்தையும் திருத்த வேண்டும் என்று கூறி, ஒரு புதிய ஆங்கிலச் சொல்லைக் கற்பித்து வாக்கியத்தில் அமைக்கச் சொல்கிறாள். டாய் அதனைப் பெருமிதத்தோடு பயன்படுத்துகிறாள். அக்காட்சியில் நாம் சிரிக்கிறோம். புதுச்சொல்லைக் கற்றவுடன் எங்கேனும் அதைப் புகுத்திப் பார்க்கும் மாணவரை அறிந்த ஆசிரியர் சற்றுக் கனிவோடு சிரிப்பர்.

மூன்றாவது ‘மீன் கேர்ள்ஸ்’. ரோசலிண்ட் வைஸ்மன் 2002இல் வெளியிட்ட, பதின்ம வயதுப் பெண்களின் குழுக்களைப் பற்றிய நூலைத் தழுவி டீனா ஃபே இதன் திரைக்கதையை எழுதினார். ஆப்பிரிக்காவில் வளர்ந்து, பதினாறு வயதில் முதன்முறையாகப் பள்ளிக்கு வரும் பெண்ணே கதைநாயகி. அவளுக்கு முதலில் தரப்படும் பாடநூல், உணவகத்தில் எந்தக் குழு எங்கே அமரும் என்பதைக் காட்டும் ஒரு வரைபடம். அப்படத்தில் கிரெட்சன் என்னும் மாணவி, ‘ஃபெட்ச்’ என்னும் சொல்லுக்குச் ‘சிறப்பானது’ என்னும் புதுப்பொருள் தந்து அதைப் பரப்ப ஓயாது முயல்கிறாள். குழுத் தலைவி ரெஜினா அதனை ஏற்க மறுத்து அவளை அடக்கிவிடுகிறாள். சொல்லாக்கம் பற்றி விரிவுரை ஆற்றும் எவரும் இக்காட்சியைக் காட்டலாம். ஒரு சொல் நன்றாக அமைந்திருப்பது மட்டும் அது வழக்கில் நிலைபெறப் போதாது. யார் சொல்கிறார், யார் ஏற்கிறார் என்பதும் அதன் வாழ்வை முடிவுசெய்கின்றன. படத்தினுள் தோற்ற அச்சொல், படத்திற்கு வெளியே அத்தோல்வியின் பெயராலேயே புகழ்பெற்றது.

ஆய்வு காட்டிய உண்மை

இவை வெறும் கற்பனை அல்ல. அமெரிக்க மொழியியலறிஞர் பெனலோப்பி எக்கர்ட், டெட்ராய்ட் நகரின் புறநகர்ப் பகுதி உயர்நிலைப்பள்ளியொன்றில் 1980களின் தொடக்கத்தில் தங்கி ஆய்ந்து, 1989இல் ஒரு நூல் வெளியிட்டார். பள்ளியின் செயல்பாடுகளையே தம் உலகமாகக் கொண்ட ‘ஜாக்’ குழுவினரும், பள்ளியை விலக்கி ஊரையும் வேலையையும் நாடிய ‘பர்னவுட்’ குழுவினரும் அங்கே இரு முனைகளில் நின்றனர். அவர்தம் உயிரொலிகளின் ஒலிப்பில் வேறுபாடு இருந்தது. அவ்வேறுபாடு பெற்றோரின் பொருளாதார நிலையைவிட, மாணவர் தாமே தேர்ந்துகொண்ட குழுவோடு நெருங்கிய தொடர்புடையதாகக் காணப்பட்டது. வீட்டில் கேட்ட ஒலியைப் பதின்ம வயதினர் தம் குழுவுக்கேற்ப மாற்றிக்கொள்கின்றனர் என்பது இதனால் விளங்கும்.

இன்னொன்றும் அந்நூல் காட்டியது. மாணவருள் பெரும்பாலோர் இவ்விரு முனைகளுள் எதனையும் சாராத இடைப்பட்டவர்கள். பெயர் பெற்ற குழுக்கள் சிறியவை. பெயரற்ற இடைப்பகுதியே பெரியது. இப்படங்களைப் பார்ப்போருள் பலர் அவ்விடைப்பகுதியிலிருந்தே பார்க்கின்றனர் என்று கருதுவதில் தவறில்லை. அவர்கள் நாடுவது, முனைகளில் நின்றோரும் உள்ளே தம்மைப் போலவே அஞ்சினர் என்னும் ஆறுதல்.

ஐந்து பெயர்களும் ஒரு கடிதமும்

அவ்வாறுதலை மிக நேராகத் தரும் படம், ஜான் ஹியூஸ் எழுதி இயக்கிய ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’. 1984 மார்ச் 24, சனிக்கிழமை. இலினாய் மாநிலத்தின் கற்பனை ஊரொன்றில், தண்டனையாக ஐந்து மாணவர் பள்ளி நூலகத்தில் ஒரு நாள் முழுதும் அமர்த்தப்படுகின்றனர். தாம் யார் என்று கருதுகின்றனர் என்பதைக் கட்டுரையாக எழுதுமாறு துணைத் தலைமையாசிரியர் பணிக்கிறார். கதை இவ்வளவே. பெரும்பகுதியும் ஓர் அறைக்குள் நிகழ்கிறது. பேச்சைத் தவிர வேறு நிகழ்ச்சி குறைவு.

அவ்வைவருக்கும் ஐந்து பட்டப்பெயர்கள் உண்டு: படிப்பாளி, விளையாட்டு வீரன், மனம் பிறழ்ந்தவள், இளவரசி, குற்றவாளி. படம் இப்பெயர்களோடு தொடங்கி, இப்பெயர்களோடே முடிகிறது. தொடக்கத்தில் ஆளுக்கொரு பெயர். முடிவில், ஒவ்வொருவரிடமும் அவ்வைந்தும் உண்டு என்று கட்டுரை அறிவிக்கிறது. சொற்கள் மாறவில்லை, அவை யாரைச் சுட்டுகின்றன என்பது மாறிவிட்டது. அறிவுரை கூறும் பாத்திரம் ஒன்றும் இல்லாமலே அம்மாற்றம் நிகழ்ந்துவிடுகிறது.

இங்கே தமிழ் மாணவர் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உள்ளது. ஐவருக்காகவும் கட்டுரையை ஒருவனே எழுதுகிறான்; அது தன்மைப் பன்மையில் அமைகிறது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். தமிழிலோ கேட்பவரை உள்ளடக்கும் ‘நாம்’, அவரை விலக்கும் ‘நாங்கள்’ என இரண்டு உள்ளன. அக்கட்டுரையைத் தமிழாக்க விரும்புவோர் இவற்றுள் எதனைத் தேர்வர்? துணைத் தலைமையாசிரியரை நோக்கி எழுதப்படுவதால் ‘நாங்கள்’ என்பதே பொருந்தும். காலையில் ஐந்து தனித்தனி ‘நான்’களாக வந்தவர்கள், மாலையில் ஒரு ‘நாங்கள்’ ஆகிச் செல்கின்றனர். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து சொல்லத்தக்க ‘நாம்’ மட்டும் அப்படத்தில் பிறக்கவில்லை. திங்கட்கிழமை இந்த ‘நாங்கள்’ நிலைக்குமா என்று அவர்களே ஐயுறுகின்றனர். படம் அதற்கு விடை கூறவில்லை. அவ்வாறு கூறாமல் விட்டதும் அது நிலைத்தமைக்கு ஒரு காரணம்.

படங்களின் குறை

பட்டப்பெயரின் கொடுமையை உணர்த்திய இப்படங்களும் குற்றமற்றவை அல்ல. அதே ஜான் ஹியூஸ் 1984இல் இயக்கிய ‘சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்’ படத்தில் ஆசிய மாணவன் ஒருவன் வருகிறான். அவனுடைய பெயரே கேலிக்காக அமைக்கப்பட்டது. அவன் தோன்றும்போது பின்னணியில் சேகண்டி ஒலிக்கும். பிற பாத்திரங்களுக்குக் கிடைத்த உள்ளம் அவனுக்குத் தரப்படவில்லை. ஹியூஸின் படங்களில் நாயகியாக நடித்த மோலி ரிங்வால்ட், 2018இல் ‘நியூயார்க்கர்’ இதழில் எழுதிய கட்டுரையில் அப்படங்களைத் தாமே மீண்டும் பார்த்து, அவற்றின் சிறப்பையும் பெண்களை நடத்திய முறையிலுள்ள குறையையும் ஒருங்கே எடைபோட்டார். ஆசிய நாட்டு வகுப்பறையில் இப்படங்களைக் காட்டும் ஆசிரியர் இக்குறையை மறைக்க வேண்டியதில்லை. எந்தப் பட்டப்பெயரை இப்படம் கழற்றியது, எதனைக் கழற்றாமல் விட்டது என்னும் வினாவே நல்ல பயிற்சியாகும்.

நம் வகுப்பறைக்கு

‘மீன் கேர்ள்ஸ்’ படத்தில், மாணவியர் ஒருவரையொருவர் இழித்துரைத்த குறிப்பேடு வெளிப்பட்ட பின், கணித ஆசிரியை அவர்களை உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டிப் பேசுகிறார். நீங்களே ஒருவரையொருவர் இழிசொல்லால் அழைத்தால், ஆடவரும் அவ்வாறே அழைக்க இடமாகிவிடும் என்பது அவர் பேச்சின் சாரம். குழூஉக்குறி மாணவரின் உடைமை. அதனை நாம் அழிக்க இயலாது, அழிக்கவும் வேண்டா. பட்டப்பெயரோ அவ்வாறன்று. அதில் நமக்கும் பங்குண்டு.

பணியின் தொடக்க ஆண்டுகளில் நாமும் ஒரு மாணவனைக் ‘கடைசி மேசை’ என்று ஆசிரியர் அறையில் குறிப்பிட்டு வந்தோம். தீய எண்ணம் இல்லை. இருக்குமிடம் கருதிய அடையாளமே என்று நினைத்தோம். ஒருநாள் வகுப்பிலும் அவ்வாறே அழைத்துவிட்டோம். வகுப்பு சிரித்தது, அவனும் சிரித்தான். இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு திருமண விருந்தில் அவர் நம்மிடம் வந்து, “ஐயா, நான்தான் கடைசி மேசை” என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். தம் இயற்பெயரைச் சொன்னால் நமக்கு நினைவிருக்காது என்று அவர் எண்ணியிருந்தார். அவர் எண்ணியது சரியாகவே இருந்தது.

இளையோர் வழக்கு வாடிவிடும் என்று முன்னர்க் கூறினோம். ஆசிரியர் இடும் பெயர் அவ்வளவு எளிதில் வாடுவதில்லை. அமெரிக்கப் புறநகர்ப் பள்ளியொன்றின் கதையை இங்குள்ள மாணவரும் தம் கதையாகப் பார்ப்பதற்கு இதுவே அடிப்படை. வருகைப் பதிவேட்டில் உள்ள பெயரை முழுமையாகவும் சரியான ஒலிப்போடும் நாளும் அழைப்பது சிறு செயலே. வகுப்பறையில் ‘நாம்’ என்னும் சொல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.