காய் மலியும் மாதத்தில் முருங்கைக்காய்க் கூட்டு

பங்குனி பிறந்துவிட்டால் சாத்தான்குளம் வட்டாரத்துச் செம்மண் தோட்டங்களில் முருங்கைக்காய் கொத்துக் கொத்தாய்த் தொங்கும். எல்லோர் தோட்டத்திலும் ஒரே சமயத்தில் காய்ப்பதால் விலை சரிந்துவிடும். பறிகூலியும் வண்டி வாடகையும்கூடக் கட்டாத நாட்களில் காய் மரத்திலேயே முற்றி நெற்றாகிறது. அதே வாரத்தில் அந்த விவசாயியின் வீட்டில் கடையில் வாங்கிய முட்டைக்கோஸ் கொதிப்பது வேடிக்கைதான். விலை ஏறுவதோ மழைக்காலமான கார்த்திகை, மார்கழியில்; அப்போது விற்க மரத்தில் காய் இருப்பதில்லை.

ஒரு குடும்பம் தின்று தீர்க்கக்கூடிய விளைச்சல் அல்ல, உண்மைதான். ஆனால் வாரம் இரண்டு, மூன்று நாள் முருங்கைக்காய்க் கூட்டு வைத்தால் காய்கறிச் செலவு மிச்சமாகும். சோற்றில் குறைவாக உள்ள லைசின் என்னும் புரதச்சத்துப் பகுதி பருப்பில் நிறைய இருக்கிறது. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் சோற்றில் இருக்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்து உண்ணும்போதுதான் புரதம் முழுமை பெறுகிறது. பால், முட்டை வாங்கத் தயங்கும் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இது முக்கியம்.

காய் தோட்டத்தில் கிடைத்தாலும் பருப்பு கடைச் சரக்கு. இங்கேதான் யோசிக்க வேண்டும். இதே தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில், கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் காடுகளில், புரட்டாசியில் விதைத்த பாசிப்பயறு தை மாதத்தில் களத்துக்கு வருகிறது. மத்திய அரசு 2024-25-க்கு அறிவித்த ஆதரவு விலையே குவிண்டாலுக்கு ரூ.8,682, அதாவது கிலோ சுமார் ரூ.87. அறுவடைச் சமயத்தில் முழுப் பயறாக வாங்கி வீட்டிலேயே உடைத்துக்கொள்வது லாபம். பயறில் லேசாக எண்ணெய் தடவி ஓர் இரவு வைத்து, நன்றாக வெயிலில் காயவிட்டுத் திருகையில் இட்டால் உடையும். உடைத்து வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பயறு வண்டு முழுப் பயறின் மேல்தான் விரும்பி முட்டையிடும். பருப்பை அவ்வளவாகத் தொடுவதில்லை. முழுப் பயறாகவே வைக்க வேண்டுமானால், கடித்தால் 'டக்' என்று உடையும் அளவு காயவைத்து, கிலோவுக்கு 10 மி.லி. சமையல் எண்ணெய் கலந்து வைக்கலாம்.

இனி சமையல். ஐந்து பேருக்கு 150 கிராம் சிறுபருப்பை வாசனை வரும்வரை வறுத்துக் கழுவி, மஞ்சள் தூளும் சில சொட்டு எண்ணெயும் விட்டு வேகவிட வேண்டும். எண்ணெய் விட்டால் நுரை பொங்காது. கடலோரப் பகுதியில் பல கிணறுகளில் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் மலராது. குடிதண்ணீரிலோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரிலோதான் வேகவைக்க வேண்டும். சிலர் ஆப்பச்சோடா போடுகிறார்கள். பருப்பு குழையும், கூடவே தயாமின் என்னும் பி-1 வைட்டமினும் அழிந்துபோகும். அது வேண்டாம்.

பருப்பு முக்கால் பதம் வெந்ததும் நான்கு காய்களை விரல் நீளம் நறுக்கிப் போட்டு, காய் வெந்த பிறகே உப்புச் சேர்க்க வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கை சதைப்பற்று மிக்கது. கூட்டுக்கு நன்றாகப் பொருந்தும். சற்று முற்றிய காயையும் எறிய வேண்டாம். தனியாக வேகவைத்துப் பிளந்து, கரண்டியால் சதையை வழித்துப் பருப்பில் சேர்த்தால் கூட்டு கெட்டியாகும். சக்கை மாட்டுக்கு. நெற்றாகிவிட்டால் விதைக்குத்தான்.

அரைமூடித் தேங்காய், ஒரு தேக்கரண்டி சீரகம், இரண்டு வற்றல், நாலைந்து சின்ன வெங்காயம் ஆகியவற்றைக் கொரகொரப்பாக அரைத்து ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். அதிகம் கொதித்தால் தேங்காய் திரிந்து சுவை மாறும். தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டலாம். தேங்காய் விலை கூடிய நாளில் அரைமூடியைக் கால்மூடியாகக் குறைத்து, ஒரு தேக்கரண்டி அரிசி மாவு கரைத்து விட்டாலும் கூட்டு சேர்ந்து வரும்.

இறக்கும் முன் ஒரு பிடி முருங்கைக் கீரையை உருவிப் போடுவது சில வீடுகளில் வழக்கம். காய் இல்லாத மார்கழியில் கீரையை மட்டும் போட்டே இதே கூட்டை வைக்கலாம். மரத்தில் அப்போதும் இலை இருக்கும்.