சீரியலை 'லைவ்'வாகப் பார்த்தால் லைசென்ஸ்... மறுநாள் பார்த்தால் வேண்டாம்! பிரிட்டன் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய டி.வி விதி

பிரிட்டனில் படிக்கவோ, வேலை பார்க்கவோ போய், வாடகைக்கு வீடு பிடித்துக் குடியேறியவர்கள் பலருக்கும் அந்தக் கடிதம் பழக்கமானதுதான். உறையின் மேல் பெயர் இருக்காது. 'சட்டப்படி இங்கே குடியிருப்பவருக்கு' என்று மட்டும் இருக்கும். பிரித்தால், 'இந்த முகவரிக்கு டி.வி லைசென்ஸ் இல்லை' என்ற தகவலோடு விசாரணை, கோர்ட், அபராதம் என மிரட்டலான வார்த்தைகள் வரிசை கட்டும்.

பயந்துபோய் உடனே பணம் கட்டிவிடுபவர்கள் உண்டு. 'நம்மிடம்தான் டி.வி-யே இல்லையே' என்று குப்பையில் போடுபவர்களும் உண்டு. விதி தெரியாவிட்டால், இரண்டுமே தப்பாகப் போகலாம்.

எதற்காக இந்த லைசென்ஸ்?

பிபிசி-யின் உள்நாட்டுச் சேனல்களில் விளம்பரம் கிடையாது. அந்த நிறுவனத்தின் செலவில் பெரும்பகுதியை மக்கள் கட்டும் லைசென்ஸ் கட்டணம்தான் தாங்குகிறது. 1946-ல் டி.வி-க்கான லைசென்ஸ் அறிமுகமானபோது ஆண்டுக்கு 2 பவுண்டு. 2025 ஏப்ரலில் அது 174.50 பவுண்டாக உயர்ந்தது. நம் ஊர்க் கணக்கில் சுமார் 20 ஆயிரம் ரூபாய். கறுப்பு வெள்ளை டி.வி-க்கும் தனிக் கட்டணம் உண்டு... 2025-ல் அது 58.50 பவுண்டு!

இது நமக்கும் புதிதல்ல. ரேடியோவுக்கு போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டி, லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கி வந்த காலத்தைத் தாத்தா, பாட்டிகளிடம் கேட்டால் சொல்வார்கள். இந்தியாவில் 1980-களில் அந்த முறை ஒழிந்தது. பிரிட்டனில் ரேடியோவுக்கான லைசென்ஸ் 1971-ல் போய்விட்டது. டி.வி-க்கானது மட்டும் தொடர்கிறது.

பெட்டிக்கு அல்ல, பார்க்கும் விதத்துக்கு!

பலரும் குழம்புவது இங்கேதான். வீட்டில் டி.வி வைத்திருப்பதற்காக லைசென்ஸ் கேட்பதில்லை. அதில் என்ன பார்க்கிறீர்கள், எப்போது பார்க்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. இரண்டு விஷயங்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒன்று, எந்தச் சேனலாக இருந்தாலும், அது ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்த்தால், அல்லது ரெக்கார்டு செய்தால் லைசென்ஸ் வேண்டும். டி.வி, லேப்டாப், செல்போன் என எதில் பார்த்தாலும் இதே விதிதான்.

இரண்டு, 'பிபிசி ஐபிளேயர்' ஆப்பில் நேரலையோ, பழைய நிகழ்ச்சியோ, எதைப் பார்த்தாலும் லைசென்ஸ் வேண்டும். முன்பு ஐபிளேயரில் பழைய நிகழ்ச்சிகளுக்கு விலக்கு இருந்தது. 2016 செப்டம்பர் 1-ம் தேதி அந்த வழி அடைபட்டது.

இவை இரண்டும் இல்லையென்றால் லைசென்ஸ் தேவையில்லை. நெட்ஃப்ளிக்ஸில் படம், யூடியூபில் யாரோ போட்டுவைத்த சமையல் வீடியோ, மற்ற சேனல்களின் ஆப்களில் ஒளிபரப்பு முடிந்தபின் பார்க்கும் நிகழ்ச்சிகள், டிவிடி, வீடியோ கேம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பெரிய ஸ்மார்ட் டி.வி வாங்கி நடு ஹாலில் மாட்டியிருந்தாலும் பிரச்னை இல்லை. ரேடியோவுக்கும் கட்டணம் கிடையாது.

தமிழ் சேனலுக்குமா?

ஆமாம். 'பிபிசி-யை நாங்கள் பார்ப்பதே இல்லை' என்ற பதில் செல்லாது. வெளிநாட்டுச் சேனல்களும் விதிக்குள் வருகின்றன. இரவு சீரியலை அது ஓடும் நேரத்திலேயே ஆப்பில் பார்த்தால் லைசென்ஸ் வேண்டும். அதே எபிசோடை மறுநாள் அதே ஆப்பில் பார்த்தால் வேண்டாம். டி.வி-யில் போகும் கிரிக்கெட் மேட்ச்சை நேரலையில் பார்ப்பதற்கும், யூடியூபில் செய்தி சேனலின் 'லைவ்' ஒளிபரப்பை ஓடவிடுவதற்கும் லைசென்ஸ் தேவை. மேட்ச் முடிந்தபின் ஹைலைட்ஸ் மட்டும் யூடியூபில் பார்ப்பவருக்குத் தேவையில்லை.

மாணவர்கள் கவனத்துக்கு...

கல்லூரி விடுதியின் லைசென்ஸ், பொது அறையில் இருக்கும் டி.வி-க்கு மட்டும்தான். உங்கள் அறைக்குள் நேரலை பார்த்தால் தனி லைசென்ஸ் எடுக்க வேண்டும். நண்பர்கள் சேர்ந்து ஒரே வாடகை ஒப்பந்தத்தில் வீடு எடுத்திருந்தால், வீட்டுக்கு ஒரு லைசென்ஸ் போதும். ஆளுக்கொரு ஒப்பந்தம் என்றால் ஆளுக்கொரு லைசென்ஸ்.

பெற்றோர் வீட்டு லைசென்ஸைக் கொண்டு, சார்ஜரில் போடாமல் பேட்டரியில் ஓடும் போனில் பார்த்துக்கொள்ளும் சலுகையும் உண்டு. ஆனால், பெற்றோர் வீடு பிரிட்டனில் இருந்து, அதற்கு லைசென்ஸும் இருக்க வேண்டும் என்பதால், இங்கிருந்து போகும் மாணவர்களுக்கு அது உதவாது. படிப்பு முடிந்து கிளம்புபவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். லைசென்ஸில் முழுதாக ஒரு மாதமாவது மீதம் இருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

கதவைத் தட்டினால்?

லைசென்ஸ் இல்லாமல் நேரலை பார்ப்பது அங்கே குற்றம். 1,000 பவுண்டு வரை அபராதமும், வழக்குச் செலவும் சேரலாம். சோதனைக்கு வரும் அதிகாரிகளுக்கு, கோர்ட் வாரன்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழையும் உரிமை இல்லை. 'உள்ளே வர வேண்டாம்' என்று சொல்லலாம்.

இந்த வழக்குகளில் தண்டிக்கப்படுபவர்களில் பெரும்பாலானோர் பெண்கள் என்பது அங்கே நீண்ட நாள் சர்ச்சை. பகலில் வீட்டில் இருந்து கதவைத் திறப்பதும், அதிகாரியின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் அதிகமும் அவர்கள்தான் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. எனவே, விதி குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது.

லைசென்ஸ் தேவைப்படாதவர்கள் 'எங்களுக்குத் தேவையில்லை' என்று டி.வி லைசென்ஸிங் இணையதளத்தில் பதிவு செய்யலாம். அதன்பின் கடிதங்கள் நிற்கும். சரிபார்க்க ஆள் வரவும் வாய்ப்பு உண்டு. நிலைமை மாறாவிட்டாலும், குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இந்தப் பெயரில் போலி மெயில்களும் உலவுகின்றன. 'பணம் கட்டத் தவறிவிட்டீர்கள்' என்று வரும் லிங்க்கைத் தொடாதீர்கள். இணையதள முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே போவதுதான் பாதுகாப்பு.

ஊரிலிருந்து அப்பா, அம்மா சில மாதங்கள் தங்க வரும்போதும் இதை ஒருமுறை யோசியுங்கள். லைசென்ஸ் ஆளுக்கு அல்ல, முகவரிக்கு. பிள்ளைகள் நெட்ஃப்ளிக்ஸோடு நிறுத்திக்கொண்ட வீட்டில், பொழுதுபோகாமல் அம்மா நேரலையில் சீரியல் பார்க்க ஆரம்பித்தால், அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு லைசென்ஸ் வேண்டும். ஒன்று, லைசென்ஸ் எடுங்கள். இல்லையென்றால், நேற்றைய எபிசோடை இன்று பார்க்க அம்மாவுக்குக் கற்றுக்கொடுங்கள்!