பேராயர் மாறினால் உதவித்தொகை என்ன ஆகும்?

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் ரயில் தடத்தில் திருநின்றவூரைத் தாண்டியதும் வரும் வேப்பம்பட்டைப் போன்ற ஊர்களில், ஆவடி முதல் கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை பரந்து கிடக்கும் தொழிற்சாலைகளை நம்பி வாழும் குடும்பங்கள் மனை வாங்கியும் வாடகைக்கும் குடியேறிக்கொண்டிருக்கின்றன. இத்தகைய ஊர்களில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்குக் கல்வி உதவித்தொகையோ, அறுவை சிகிச்சைக்கான உதவியோ, விதவையர் உதவித்தொகையோ கிடைக்குமானால், அது பெரும்பாலும் திருச்சபையைச் சார்ந்த ஏதேனும் ஓர் அறக்கட்டளையின் வழியாகவே வந்து சேர்கிறது. உதவி பெறுபவருக்கு அந்த அறக்கட்டளையின் பதிவுப் பெயர் தெரிந்திருப்பதில்லை. அவர் அறிந்தவர், விண்ணப்பத்தோடு இணைக்கப் பரிந்துரைக் கடிதம் எழுதிக்கொடுத்த ஆயர் ஒருவரே. ஆகவே அந்த ஆயர் மாற்றலாகிப் போகும்போதும், அவருக்கு மேலே உள்ள பேராயர் ஓய்வு பெறும்போதும், அவ்வீட்டில் எழும் முதல் கேள்வி பிள்ளையின் அடுத்த ஆண்டுக் கட்டணம் வருமா என்பதுதான். எளிய கேள்வியாகத் தோன்றினாலும், இருநூறு ஆண்டுகளாகத் தமிழகத் திருச்சபைகள் இதற்கு விடை தேடி வந்திருக்கின்றன.

அறக்கட்டளையின் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தென்னிந்தியத் திருச்சபையின் சபைகளில் ஆண்டுதோறும் நடக்கும் அறுப்பின் பண்டிகையில், மக்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பூசணிக்காயும் வாழைத்தாரும் கோழியும் ஆலய வளாகத்தில் ஏலம் விடப்படும். சந்தையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும் பூசணிக்காயைப் பல மடங்கு விலை கேட்டு எடுப்பவர், அதை மீண்டும் ஏலத்துக்கே விட்டுவிடுவதும் உண்டு. காய் கைமாறிக்கொண்டே இருக்க, பொருளாளரின் நோட்டில் தொகை ஏறிக்கொண்டே போகும். அந்தப் பணத்தைக் கொடுத்தவர் யாரும் ஆயருக்கென்று கொடுக்கவில்லை; கட்டட நிதி, ஏழைகள் நிதி, ஊழிய நிதி என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட ஒரு நோக்கத்துக்காகவே கொடுத்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு இதை வெளிப்படையாகவே விதித்திருக்கிறது: குறிப்பிட்ட நோக்கத்துக்காக அளிக்கப்பட்ட காணிக்கையை அந்நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம் என்கிறது அதன் 1267ஆம் விதி, ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் நிதிக்குழு ஒன்று இருந்தே தீர வேண்டும் என்கிறது 492ஆம் விதி. தலைவர் மாறலாம், நோக்கம் மாறக்கூடாது என்ற இந்த அடிப்படையைச் சபைகள் எவையும் மறுப்பதில்லை. நடைமுறையில் அதைக் காப்பாற்றுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

தமிழகத்தில் இச்சிக்கல் மிகக் கூர்மையாக வெடித்த முதல் இடங்களுள் ஒன்று திருநெல்வேலி. பிரஷ்யாவிலிருந்து 1814ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து, 1820 முதல் பாளையங்கோட்டையில் பணியாற்றிய மிஷனரி ரேனியஸ், புதிதாகக் கிறிஸ்தவம் தழுவியவர்கள் தங்கள் ஊர்களில் குடியிருப்பையும் நிலத்தையும் இழந்து நின்றதைக் கண்டு, அவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கவும் புதிய ஊர்களை அமைக்கவும் 1830ஆம் ஆண்டு தரும சங்கம் என்ற அமைப்பை உருவாக்கினார். அதற்கு முன்பே, ஜெர்மானியப் பிரபுவான டோனா அளித்த நன்கொடையால் அமைந்த ஊருக்கு அவர் பெயராலேயே டோனாவூர் என்று பெயரிடப்பட்டிருந்தது. பணம் ஐரோப்பாவிலிருந்தும் வந்தது, உள்ளூர்ச் சபையாரிடமிருந்தும் திரண்டது. ஆனால் பகிர்ந்தளிப்பதற்கான நம்பிக்கை முழுவதும் ரேனியஸ் என்ற ஒரே மனிதரைச் சுற்றியே வளர்ந்தது. ஆங்கிலத் திருச்சபையின் முறைகளை விமர்சித்து அவர் எழுதிய ஒரு நூல் மதிப்புரை அவரைப் பணியில் அமர்த்தியிருந்த, லண்டனின் சர்ச் மிஷனரி சங்கத்தைச் சினங்கொள்ளச் செய்ய, 1835ஆம் ஆண்டு அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டு ஊரைவிட்டு வெளியேறினார். உபதேசியார்கள் திரும்பி வருமாறு அழைத்ததால் அவர் மீண்டும் பாளையங்கோட்டைக்கு வந்தபோது, சபைகள் இரண்டாகப் பிரிந்தன: ஒரு பக்கம் லண்டன் அனுப்பிய புதிய தலைமை, மறுபக்கம் மக்கள் தந்தையாகக் கருதிய பழைய தலைமை. 1838ஆம் ஆண்டு ரேனியஸ் இறந்த பிறகே அந்தப் பிளவு தணியத் தொடங்கியது. தரும சங்கம் போன்ற உயர்ந்த எண்ணங்களைத் தமிழ்க் கிறிஸ்தவத்துக்குத் தந்தவர் அவர் என்பதில் ஐயமில்லை. எனினும், கொடுக்கும் பணி ஒருவரது ஆளுமையோடு இத்தனை இறுகப் பிணைந்துவிட்டால், அவரை அகற்றுவது அவரை நேசித்த ஏழைகளையும் சேர்த்தே பிளந்துவிடும் என்பதை அந்த மூன்று ஆண்டுகள் காட்டின.

திருவள்ளூர்ப் பகுதியின் வரலாறு வேறு வகையானது. திருவள்ளூர் நகரை ஒட்டிய ஈக்காட்டை மையமாகக் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன் நடத்திய பணிக்குத் தலைமை தாங்கிய வில்லியம் கௌடி, ஒடுக்கப்பட்ட மக்களின் வறுமைக்கு நிலமின்மையே வேர் என்று வாதிட்டு 1890களில் எழுதியவர். அன்று திருவள்ளூரும் செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு பகுதி. அம்மாவட்டப் பறையர்களின் நிலையைப் பற்றி ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரமன்ஹியர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1892ஆம் ஆண்டு பிறந்த அரசாணையின் வழி வந்தவையே இன்று பஞ்சமி நிலங்கள் என்று வழங்கப்படுபவை. மிஷன் எழுப்பிய பள்ளிகளும் மருத்துவமனையும் பிற்பாடு புதிய உடைமையாளரிடம் சென்றன. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கியத் திருச்சபை ஆகியவை இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, சொத்துகளை வைத்திருப்பதற்கென்று தென்னிந்தியத் திருச்சபை அறங்காவலர் சங்கம் என்ற நிறுவனம் தனியே பதிவு செய்யப்பட்டது. பேராயர்கள் வருவார்கள், போவார்கள். பத்திரத்தில் பெயர் நிறுவனத்தினுடையதாக இருக்கும் என்பதே அந்த ஏற்பாட்டின் உயிர். அது சண்டைகளை ஒழித்துவிடவில்லை. பேராயர்களின் ஓய்வு வயதை 67இலிருந்து 70ஆக உயர்த்தும் முயற்சியும் திருச்சபையின் உயர்மட்டத் தேர்தலும் நீதிமன்றம் வரை சென்று, 2024ஆம் ஆண்டு ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரைச் சென்னை உயர் நீதிமன்றம் நிர்வாகிகளாக நியமிக்கும் நிலை வந்தது. இத்தகைய வழக்குகளில் யார் வெல்வார் என்பதைக் காட்டிலும், வழக்கு நடக்கும் காலத்தில் உதவித்தொகைக் கோப்புகளில் யார் கையெழுத்திடுவது என்ற கேள்விதான் ஏழை மாணவனைத் தொடுகிறது.

தலைமை மாற்றமும் கொடையாளரின் நோக்கமும் நேருக்கு நேர் மோதியும், நிறுவனம் உடையாமல் மீண்ட அரிய எடுத்துக்காட்டு வேலூரில் இருக்கிறது. மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900ஆம் ஆண்டு வேலூரில் மருத்துவப் பணியைத் தொடங்கியபோது அவரிடம் இருந்தது, நியூயார்க் வங்கியாளர் ஷெல் தம் மறைந்த மனைவியின் நினைவாக அளித்த பத்தாயிரம் டாலர். அதில் எழுந்த 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை 1902ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1918ஆம் ஆண்டு பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அங்கே தொடங்கியது. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் லூசி பீபாடி தலைமையில் கிறிஸ்தவப் பெண்கள் திரட்டிய பெருநிதியில் வேலூருக்கும் பங்கு கிடைத்தது. ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காகத் திரட்டப்பட்ட அந்நிதிக்கு, பெண்கள் இருபது லட்சம் டாலர் சேர்த்தால் பத்து லட்சம் தருவதாக ராக்பெல்லர் குடும்பத்தின் அறநிதி வாக்களித்திருந்தது. அமெரிக்க ஊர்களில் இருந்த எளிய பெண்கள் டாலர் டாலராகச் சேர்த்த பணம் அது. அதில் வேலூருக்கு வந்த பங்கின் ஒவ்வொரு காசிலும் இந்தியப் பெண்கள் மருத்துவர்களாக வேண்டும் என்ற நோக்கம் இருந்தது.

பிறகு சட்டம் மாறியது. 1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசு, எல்.எம்.பி. என்ற பழைய மருத்துவப் பட்டயத்தை நிறுத்தி, இனிப் பல்கலைக்கழகப் பட்டமான எம்.பி.பி.எஸ். மட்டுமே என்று முடிவு செய்ததால், வேலூர்ப் பள்ளி கல்லூரியாக உயர்ந்தாக வேண்டும், இல்லையேல் மூட வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. கல்லூரி தரத்துக்கான கட்டடங்களுக்கும் பேராசிரியர்களுக்கும் பெண்களின் மிஷன் அமைப்புகளால் மட்டும் ஈடுகொடுக்க முடியாது. பல திருச்சபைகள் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும், அப்படியானால் ஆண் மாணவர்களையும் சேர்க்க வேண்டும் என்ற முடிவை நோக்கி ஐடா ஸ்கடர் மெல்ல நகர்ந்தார். லூசி பீபாடி அதை ஏற்கவில்லை. பெண்களுக்கென்று வாங்கிய பணத்தில் கட்டிய இடத்தை ஆண்களோடு பகிர்வது, கொடுத்தவர்களுக்குச் செய்யும் நம்பிக்கைத் துரோகம் என்பது அவரது வாதம். அமெரிக்காவில் இருந்த நிர்வாகக் குழு அதனால் பிளவுபட்டது. அந்த வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. கொடையின் நோக்கத்தைத் தலைவர் தம் வசதிக்கேற்ப வளைக்கக்கூடாது என்று சொன்னவர் அவர். அதைச் சொல்ல அவருக்கு முழு உரிமையும் இருந்தது.

வேலூர் அந்தப் பூசலிலிருந்து மீண்டதற்குக் காரணம், முடிவு ஐடா ஸ்கடரின் தனிப்பட்ட விருப்பமாக நின்றுவிடாததே. 1941இல் அமெரிக்கா சென்ற அவர், எழுபது வயதைக் கடந்த நிலையிலும், 1945 வரை ஊர் ஊராகச் சென்று பழைய கொடையாளர்களைச் சந்தித்து விளக்கம் சொன்னார்; புதிய தேவைக்குப் புதிய பணம் திரட்டினார். தொழுநோய் மருத்துவத்தில் பெயர்பெற்ற ராபர்ட் காக்ரேன் 1944இல் கல்லூரித் தலைமைக்கு வந்தார். ஐடா ஸ்கடர் 1946இல் ஓய்வு பெற்றார். 1947இல் முதன்முறையாக ஆண் மாணவர்கள் சேர்ந்தனர். அடுத்து விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த மருத்துவர் ஹில்டா லாசரஸ் அந்நிறுவனத்தின் முதல் இந்தியத் தலைவராகி 1954 வரை நடத்தினார். நிறுவியவர் தம் வாழ்நாளிலேயே விலகி, பல திருச்சபைகளின் பிரதிநிதிகள் அமர்ந்த ஒரு மன்றத்திடம் அதிகாரத்தை விட்டுக்கொடுத்தது, தமிழகக் கிறிஸ்தவ அறப்பணியில் அவர் செய்த மருத்துவத்துக்கு இணையான சாதனை என்றே சொல்ல வேண்டும். அம்மன்றத்தின் உறுப்பினர்களான திருச்சபைகள் இன்றும் மாணவர்களைப் பரிந்துரைத்து அனுப்புகின்றன. அப்படிச் சேர்ந்தவர்கள் படிப்பு முடிந்ததும் அந்தத் திருச்சபைகளின் மருத்துவமனைகளில் குறிப்பிட்ட காலம் பணியாற்ற வேண்டும் என்ற நிபந்தனை, தலைவர்கள் பலர் மாறிய பிறகும் தொடர்கிறது.

இன்றைய நிலைமையில் திருச்சபைகளின் விதிகளைக் காட்டிலும் அரசின் விதிகளே கொடுக்கும் முறையை அதிகம் மாற்றியிருக்கின்றன. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2020 செப்டம்பரில் கடுமையாகத் திருத்தப்பட்டது. அதுவரை பெரிய திருச்சபை அமைப்பு ஒன்று வெளிநாட்டு நிதியைப் பெற்று, அதே சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற சிறிய அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்க முடிந்தது. திருத்தத்துக்குப் பிறகு அப்படி மடைமாற்றுவது முற்றிலும் தடை செய்யப்பட்டது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். இத்திருத்தங்கள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 8 அன்று தீர்ப்பளித்தது. 1947இல் தொடங்கப்பட்டு, புயலிலும் வெள்ளத்திலும் நிவாரணம் வழங்கிய காசா என்ற திருச்சபைகளின் துணை அமைப்பு உட்படச் சில அமைப்புகளின் பதிவு 2024 ஏப்ரலில் ரத்து செய்யப்பட்டது. இதன் விளைவு கிராமங்களில்தான் தெரிகிறது: பெரிய திருச்சபை அமைப்புகளிடமிருந்து ஆண்டுதோறும் சிறு தொகை பெற்றுத் தையல் பயிற்சியோ மாலை நேரப் பாடமோ நடத்திய சிறிய சங்கங்களுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. தலைமை மாற்றமும் இச்சட்டத்தின் கண்ணிலிருந்து தப்புவதில்லை. பொறுப்பாளர்கள் மாறினால் உரிய காலத்துக்குள் உள்துறை அமைச்சகத்துக்கு இணையவழியில் தெரிவிக்க வேண்டும், தவறினால் பதிவே கேள்விக்குள்ளாகும். புதிய பேராயரின் பதவியேற்பு விழாவுக்கு எடுக்கும் அக்கறையில் பாதியையாவது இந்தப் படிவத்துக்கு எடுத்திருந்தால் எத்தனையோ பணிகள் தடைபட்டிருக்காது.

வெளிநாட்டு வழி குறுகிய நிலையில், கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்த் தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதி அறக்கட்டளைகளின் கண்ணில் படுவது இயல்பே. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி, ஐந்நூறு கோடி ரூபாய் நிகர மதிப்போ, ஆயிரம் கோடி விற்றுமுதலோ, ஐந்து கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனங்கள் தங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமையும் தர வேண்டும். ஆனால் நிறுவனங்கள் ஆயரின் முகத்தைப் பார்த்துப் பணம் தருவதில்லை. வருமான வரிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு, மத்திய அரசிடம் தனிப் பதிவு, மூன்றாண்டுச் செயல்பாட்டுக்கான சான்று ஆகியவற்றைக் கேட்கின்றன. தலைமை மாறும்போதெல்லாம் பழைய கோப்புகள் தொலைந்துபோகும் அறக்கட்டளையால் அந்த மூன்றாண்டைக் காட்ட இயலாது.

உறுப்பினர்கள் கையிலும் சில கருவிகள் உண்டு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான அமைப்பாக இருந்தால், ஆண்டுப் பொதுக்குழுவில் கணக்கைக் கேட்கலாம். செயற்குழு மாறியதைப் படிவம் 7 வழியாகப் பதிவாளருக்குத் தெரிவித்தார்களா என்று பார்க்கலாம். பொது அறக்கட்டளையாக இருந்தால், அதில் அக்கறையுள்ள இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ நீதிமன்ற அனுமதி பெற்று, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடர்ந்து, கணக்கு ஒப்படைக்கவும் அறங்காவலரை நீக்கவும் புதிய நிர்வாகத் திட்டம் வகுக்கவும் கோரலாம். வழக்கு கடைசி வழி. அதற்கு முன்னதாகவே செய்யத்தக்க ஒன்று, பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் சொத்துப் பட்டியலோடும் வங்கிப் புத்தகங்களோடும் வாக்களித்த உதவிகளின் பட்டியலையும் சேர்த்துக் கொடுப்பது. மூன்றாண்டுப் பட்டப் படிப்புக்கு உதவுவதாக எழுதிக்கொடுத்து, முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டு ஒருவர் ஓய்வு பெற்றால், மீதி இரண்டாண்டுக் கட்டணம் புதிதாக வருபவரின் தயவைப் பொறுத்ததாக இருக்கக்கூடாது. அது அறக்கட்டளையின் கடனாகக் கணக்கில் எழுதப்பட்டிருக்க வேண்டும், புதியவர் முதல் கூட்டத்தில் அதைத்தான் முதலில் அங்கீகரிக்க வேண்டும்.